சுண்டுவிரலும் அணிப் பட்டியலும்

புவாக்கே,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு லிம்பானி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நேற்றுப் பயிற்சியில் பந்தைத் தடுக்கும்போது சுண்டுவிரல் லேசாக மடங்கிவிட்டது. கவலைப்படாதீர்கள். போட்டிக்கான நம் நாட்டு அணிப் பட்டியலை இன்று கொடுக்க வேண்டும் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஓரிடத்தில் உட்காரவும் முடியவில்லை. வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். முதல் கோல்கீப்பர் ஃபத்சானி என் கையைப் பார்த்துவிட்டான்.

"விரல் உடைஞ்சிருக்குடா. கோச்கிட்ட சொல்லு."

"சொன்னா பேரை அடிச்சிடுவாங்க."

"எனக்கு அடிபட்டா நீதான் நிக்கணும். இந்தக் கையோட நிப்பியா? நாடே நம்ம ரெண்டு பேர் அம்மாவையும் சேர்த்துத் திட்டும்."

போய்ச் சொன்னேன். கோச் என் பெயரை அடித்துவிட்டு இன்னொரு கோல்கீப்பர் கொண்ட்வானியின் பெயரை எழுதினார். நான்கு வருடம் காத்திருந்த இடம், அம்மா. "ஊருக்குப் போறியா, எங்களோட இருக்கியா?" என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன்.

ஆட்டம் பார்க்க வருகிறவர்களிடம் கொஞ்சம் காய்ந்த உசிபா மீன் கொடுத்தனுப்புங்கள். இங்கே எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. பேருந்து ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை டிவியில் என்னை அணியோடு தேடாதீர்கள். கொடி பிடித்திருக்கும் கூட்டத்தில் பாருங்கள்.

உங்கள் மகன்,
லிம்பானி