சுக்கானை விட்டவள்

ஹேரிங் கோவ்
9 அக்டோபர் 2011

அன்புள்ள அம்மா,

நீ அனுப்பிய பேக்கப்பிள் பழ ஜாம் வந்தது. ரொட்டி சுடும்வரை பொறுமையில்லை, பாதியைக் கரண்டியாலேயே தின்றுவிட்டேன்.

போனில் நான் பேசுவது உனக்குத் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரிக் கேட்கிறது என்கிறாய். அதனால் இதை எழுதித்தான் சொல்லவேண்டும். ஊரார் வாயால் நீ கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். நான் கப்பல் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன்.

கொஞ்ச நாளாகவே எனக்கு ஏதோ சரியில்லை. காலையில் தலைவலி. பேசும்போது வேண்டிய சொல்லுக்குப் பதிலாக வேறு ஏதோ சொல் வந்து விழுகிறது. போன செவ்வாய்க்கிழமை தீவிலிருந்து திரும்பிக் கரையை நெருங்கும்போது, "முன்கயிற்றைப் போடு" என்று சொல்ல நினைத்து "முன்கதவைப் போடு" என்றேன். என் துணை மாலுமி சிரில் பட்ஜல் சிரித்தான். "கதவைக் கழட்டிக் கடல்ல போடட்டா, கேப்டன்?" என்றான். நானும் சிரித்தேன். அடுத்த நிமிடம் இடது பக்கத்துத் துறைத்தூண் என் கண்ணில் படவே இல்லை. அது நேற்று முளைத்த தூண் இல்லை அம்மா. சிரில் கத்தினான், எஞ்சினைப் பின்னுக்கு இழுத்தேன். மயிரிழையில் தப்பினோம்.

கீழ்த்தளத்தில் தீவிலிருந்து ஏறின பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் இறங்கிப் போனதும் சிரிலிடம், "இனிமே நீ ஓட்டு. நான் சுக்கானைத் தொடமாட்டேன்" என்றேன்.

"ஒரு தூணுக்காகவா? யாருமே பார்க்கல கேப்டன்."

"நானே பார்க்கலையே சிரில். அதான் பிரச்சினை."

அலுவலகத்துக்கு நானே சொல்லிவிட்டேன். நாளை மறுநாள் டாக்டரைப் பார்க்கிறேன். கோபப்படாதே.

உன் அன்பு மகள்
ஜென்


மேரிஸ்டவுன்
15 அக்டோபர் 2011

என் அன்பு ஜென்னுக்கு,

கோபப்படாதே என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் கோபப்பட ஏதோ இருக்கிறது என்று உனக்கே தெரிகிறது.

தூணில் இடித்தாயா? இல்லை. யாருக்காவது அடிபட்டதா? அதுவும் இல்லை. பிறகு யாரும் கேட்காமல் நீயே போய் ஏன் சொன்னாய்? ஒரு வாரம் லீவு போட்டுத் தூங்கியிருக்கலாமே. தலை வலித்தால் ஆண்பிள்ளைகள் வேலையை விட்டுவிட்டா வருகிறார்கள்? "பொம்பளை கப்பல் ஓட்டுறதா" என்று உன் பெரியப்பாவே சிரித்தார். நீ கேப்டன் ஆன அன்று அவருக்கு என் கையாலேயே கேக் வெட்டிக் கொடுத்தேன். இப்போது அவர் வீட்டு வாசலைத் தாண்டி நான் எப்படி நடப்பேன்?

உன் வயதில் எனக்கும் பெயர்கள் மறந்துபோயின. ஒருநாள் உன் அப்பாவை நாயின் பெயரால் கூப்பிட்டேன், அவரும் வந்தார். நேரத்துக்குச் சாப்பிடு, சரியாகிவிடும். உப்பு மீன் அனுப்புகிறேன்.

அம்மா


செயின்ட் ஜான்ஸ், மருத்துவமனை
6 நவம்பர் 2011

அன்புள்ள அம்மா,

மெதுவாகத்தான் எழுதுகிறேன். சொல் கிடைக்காத இடத்தில் நர்ஸ் எடுத்துக் கொடுக்கிறாள்.

எனக்கு வந்திருப்பது லிம்போமா. இரத்தத்தில் நோயை எதிர்க்கிற வெள்ளை அணுக்களில் ஒரு வகை கெட்டுப்போய்ப் பெருகுகிற புற்றுநோய். வழக்கமாகக் கழுத்திலோ அக்குளிலோ நெறிகட்டித் தெரியுமாம். எனக்கு மூளையிலேயே தொடங்கியிருக்கிறது. உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள், முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். வேறெங்கும் இல்லை.

வெட்டி எடுத்துவிடலாமே என்றுதான் நானும் கேட்டேன். டாக்டர் திசில் என்னைவிடச் சின்னவள், ஃபோகோ தீவுக்காரி. "நம்ம ஊர்ப் பனிமூட்டம் மாதிரிம்மா இது. எங்க தொடங்குது, எங்க முடியுதுன்னு கோடு கிழிக்க முடியாது. வெட்டினா நல்ல மூளையும் சேர்ந்து போயிடும். மருந்துக்குத்தான் இது கரையும்" என்றாள். கடல் தெரிந்தவள் சொன்னால் எனக்கு உடனே புரிகிறது.

முதல் நாளே வலி குறைய ஸ்டீராய்டு போட வந்தார்கள். அவள்தான் நிறுத்தினாள். "அதைப் போட்டா கட்டி சட்டுன்னு சுருங்கிடும், உங்களுக்கும் சுகமா இருக்கும். ஆனா அப்புறம் கட்டியில துளி எடுத்துச் சோதிச்சா என்ன நோய்னே தெரியாமப் போகலாம். மறைஞ்சிருந்துட்டு மறுபடி வரும். துளி எடுக்குற வரைக்கும் தாங்குவீங்களா?"

தாங்கினேன் அம்மா. மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு ஊசியால் எடுக்கும்வரை, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தாங்கினேன். நீ பெற்றவள்தானே.

இது வாரக்கணக்கில் வளர்கிற நோயாம். லீவு போட்டுத் தூங்கியிருந்தால் இந்தக் கடிதம் எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது. குத்திக்காட்டவில்லை. நீ கேட்டாய், சொல்கிறேன்.

ஜென்


மேரிஸ்டவுன்
11 நவம்பர் 2011

என் கண்ணே ஜென்,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மருந்துக்கடை ரெஜியிடம் போனேன். "இதுல எனக்குப் புரியாததை எல்லாம் சொல்லு" என்றேன். அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை படித்தான். "உங்க பொண்ணு எழுதினதுக்கு மேல நான் சொல்ல என்ன இருக்கு? இவ்வளவு தெளிவா எழுதுறவ தலையிலயா கட்டி?" என்றான். கடையில் நின்றவர்கள் எல்லாரும் பார்க்க அழுதேன்.

செவ்வாய்க்கிழமை வேனில் வருகிறேன். வராதே என்று எழுதாதே. அந்தக் கடிதம் வரும்போது நான் இங்கே இருக்கமாட்டேன்.

அம்மா


செயின்ட் ஜான்ஸ்
19 பிப்ரவரி 2012

அன்புள்ள அம்மா,

நீ ஊருக்குப் போன பிறகு வார்டே அமைதியாகிவிட்டது. நர்ஸ்கள் விசாரிக்கிறார்கள். தரை துடைக்கிற எட்னா, "என் மக கேப்டன்னு உங்கம்மா என்கிட்டச் சொன்னாங்க. மறுநாள் மறுபடி சொன்னாங்க. அவங்களுக்குக் காது சரியாக் கேட்கலையோன்னு நான் கத்திப் பேசினேன், அதுக்கும் கேப்டன்னே பதில் வந்துச்சு" என்கிறாள்.

நீ பார்த்த அதே மஞ்சள் மருந்துதான் இன்னும். இரத்தத்திலிருந்து மூளைக்குள் மருந்து எளிதில் நுழையாதாம், அதனால்தான் அவ்வளவு ஏற்றுகிறார்கள். பிறகு மற்ற உறுப்புகளைக் காப்பாற்ற மாற்று மருந்து. இரத்தத்திலிருந்து மஞ்சள் மருந்து வடியும்வரை வீட்டுக்கு விடுவதில்லை, கைநரம்புக் குழாயில் நீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. நான் கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் இடையே படகு விடுகிறேன்.

நேற்று ஸ்கேன் படத்தைத் திசில் காட்டினாள். பனி விலகிவிட்டது. கட்டி இருந்த இடத்தில் ஒரு மங்கல்தான். அடுத்து ஹாலிஃபாக்ஸ் போகவேண்டும். என் இரத்தத்திலிருந்தே குருத்தணுக்களை, அதாவது புது இரத்தம் உண்டாக்குகிற அணுக்களை, எடுத்து வைத்துக்கொண்டு, கடுமையான மருந்து கொடுத்துவிட்டு, அவற்றைத் திரும்ப ஏற்றுவார்களாம். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போகிறேன்.

ஜென்


ஹேரிங் கோவ்
22 ஜூலை 2012

அன்புள்ள அம்மா,

ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்த பிறகு முடி கொஞ்சம் முளைத்திருக்கிறது, வாத்துக்குஞ்சு மாதிரி. கடைசி ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. குணமாகிவிட்டது என்று திசில் சொல்லமாட்டாள். இது திரும்பி வரக்கூடிய நோய், பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்கிறாள். ஆனால் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இன்னொன்று. கப்பல் எனக்கு இனி இல்லை. கடல் வேலைக்கான மருத்துவச் சான்றிதழ் தரமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். நியாயம்தான், அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் தந்திருக்கமாட்டேன். சிரில் கேப்டனாகிவிட்டான். வீட்டுக்கு வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்க திட்டினாத்தான் எனக்கு ஓட்ட வருது" என்றான். செப்டம்பரிலிருந்து துறைமுகத்தில் புதுப் பிள்ளைகளுக்கு வரைபடம் பார்க்கச் சொல்லித்தரப் போகிறேன். இப்போதும் சில சொற்கள் நேரம் கழித்துத்தான் வருகின்றன. பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

உனக்குத்தான் வருத்தமாக இருக்கும். மகள் கேப்டன் என்று இனிச் சொல்ல முடியாதே.

ஜென்


மேரிஸ்டவுன்
30 ஜூலை 2012

என் அன்பு ஜென்னுக்கு,

நேற்று தேவாலயத் தோட்ட விருந்து. தேநீர் ஊற்றுகிற மேசை எனக்கு. வரிசையில் ஹில்டா நோஸ்வொர்த்தி வந்தாள், ஊர் வம்பை எல்லாம் சுமக்கிறவள். எனக்குக் கேட்கவேண்டும் என்று வேண்டுமென்றே உரக்கக் கேட்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"லொரெட்டா, இனிமே உன் பொண்ணு கேப்டன் இல்லையாமே?"

தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தேன். "யார் சொன்னது? தலைக்குள்ள அவ்வளவு பெரிய வினையை வச்சுக்கிட்டு, ஏறினவங்க எல்லாரையும் பத்திரமா கரையில இறக்கிவிட்டுட்டு, கடைசியா அவ இறங்கினா. கேட்க ஆளில்லாதப்போ தானே போய்ச் சொன்னா. கேப்டன்னா அதான் ஹில்டா. உனக்குப் பால் ஊத்தவா, வேண்டாமா?"

அவளுக்குப் பின்னால் உன் பெரியப்பா நின்றிருந்தார். கோப்பையை நீட்டாமல் தொப்பியைக் கழற்றினார். பிறகுதான் தேநீர் வாங்கினார்.

அதை உனக்குச் சொல்லத்தான் இதை எழுதினேன்.

கேப்டன் ஜெனவீவ் கீஹோவின் அம்மா
லொரெட்டா