ஓட்டு நாளில் கழற்றிய லிஃப்ட்

அன்புள்ள வாலு,

மார்ச் ஒன்பது, திங்கட்கிழமை, காலை ஐந்து மணி இருபது நிமிடம், ஏறியவர்கள் ஏழு பேர். இந்தக் கணக்கு எதற்கு என்று இப்போதே கேட்காதே. எல்லாவற்றையும் வரிசையாகத்தான் சொல்ல வேண்டும் என்று உன் அம்மா நிபந்தனை போட்டிருக்கிறாள். முடிவை முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிட்டு அடுத்த வேலைக்கு ஓடுகிற ஆள் நான் என்று அவளுக்குத் தெரியும். இங்கே இருவரும் நலம். நீயும் நலம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை, உடம்புக்கு ஏதாவது என்றால் நீ மூன்று பக்கம் புலம்புவாய், போன கடிதம் ஒரே பக்கம். அந்த ஒரு பக்கத்துக்குத்தான் இந்தப் பதில். நீ நிலம் அளக்கிற அணைக்கட்டு முகாமில் பெண்கள் பக்கத்துக் குளியலறைக்கு அரை மணி நேரம்தான் தண்ணீர் வருகிறது, முகாம் கமிட்டிக்குத் தேர்தல் வருகிறது, உன்னை நிற்கச் சொல்கிறார்கள், நீ மாட்டேன் என்றுவிட்டாய், ஓட்டுப் போடக்கூடப் போகப்போவதில்லை என்று எழுதியிருந்தாய். அதோடு விட்டிருக்கலாம். "எவன் வந்தாலும் லிஃப்ட் நடுவுல நிக்கத்தான் போகுதுன்னு அப்பாவே சொல்வாரே" என்று லிஃப்ட் மெக்கானிக்கான என்னையே சாட்சிக்கு இழுத்திருந்தாய் பார், அதைப் படித்துவிட்டு உன் அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு ஃபியூஸ் போயிருக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் தெருவுக்கு வந்துகொண்டிருந்த பஸ்ஸை மெயின் ரோட்டோடு நிறுத்திவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை ஆறு மணிக்கே ஆரம்பிப்பதால், உன் அம்மா இரண்டு வருஷமாக இருட்டில் கால்வாய் ஓரமாகத்தான் நடந்து போகிறாள். பைக்கில் விடுகிறேன் என்றால் உங்களுக்கு வேலை ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே, உங்களை நம்பினால் நோயாளி ஊசிக்குக் காத்திருந்தே குணமாகிவிடுவான் என்பாள். வார்டு உறுப்பினரான ஹார்டுவேர் கடைக்காரரிடம் எத்தனையோ தடவை போய்க் கேட்டாள். அவரும் எத்தனையோ தடவை "பார்க்கலாம்க்கா" என்றார். கடைசியில் பார்த்தது உன் அம்மாதான். போன மாதத் தேர்தலில் அவரை எதிர்த்துப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். கட்சி கிடையாது, கொடி கிடையாது, ஆஸ்பத்திரித் தோழிகள் நாலு பேர். உனக்கு அப்போதே சொல்லவில்லை, தோற்றால் உன் வாய்க்கு அவல் ஆகிவிடும் என்று அவளுக்குப் பயம். நான் மனதில் பட்டதைச் சொல்லிவிட்டேன், இந்த வார்டில் ஓட்டுச்சாவடிப் பக்கம் நாய்கூடப் போகாது, உனக்கு ஐம்பது விழுந்தால் அதிகம் என்று. அதோடு, லிஃப்ட் ரோப்பில் எத்தனையோ மெல்லிய கம்பிகள் முறுக்கியிருக்கும், அதில் ஒன்று அறுந்தால் லிஃப்டுக்கே தெரியாது, ஒரு ஆளுடைய ஓட்டும் அப்படித்தான் என்று பாடம் வேறு எடுத்தேன். அப்போ மாசாமாசம் டார்ச் வெச்சு அறுந்த கம்பியை எதுக்கு எண்ணுறீங்க, பொழுது போகலையா என்று கேட்டாள். டீ ஆறிப்போச்சு என்று பேச்சை மாற்றினேன்.

இப்போது என் கெட்டிக்காரத்தனத்தைக் கேள். தெருக்கோடியில் பன்னிரண்டு மாடிக் கட்டிடம் இருக்கிறதே, அதன் லிஃப்ட் ரோப்பை மாற்ற வேண்டியிருந்தது. அது ஒரு நாள் முழுக்கப் பிடிக்கிற வேலை. இந்த மாதிரிப் பெரிய வேலைகளை நாங்கள் எப்போதும் விடுமுறை நாளில்தான் வைப்போம், ஆபீஸ் போகிற கூட்டம் இருக்காது, யாரும் கதவைத் தட்டித் திட்ட மாட்டார்கள். கம்பெனிக் காலண்டரில் சிவப்பாக ஒரு நாள் தெரிந்தது, எழுதிப்போட்டேன். அது ஏன் சிவப்பு என்று பார்க்கவில்லை. ஓட்டு நாள் என்பது என்னைப் பொறுத்தவரை லிஃப்ட் காலியாக இருக்கும் நாள், இருபது வருஷமாக அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். உன் அம்மா தேர்தலில் நிற்பதும் தெரியும், அந்தக் கட்டிடத்தில் வேலை இருப்பதும் தெரியும், இரண்டும் ஒரே நாள் என்பதும் எங்கேயோ மூளையில் இருந்திருக்கும், ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் அவள் மாடி மாடியாக ஏறி இறங்கி அதிகமாக ஓட்டுக் கேட்டது அந்தக் கட்டிடத்தில்தான்.

அன்று விடிந்ததும் நானும் ஸ்பேனரும் (என் கூட்டாளியை நீ மறந்திருக்க மாட்டாய், உன் சைக்கிள் செயினைச் சரிசெய்கிறேன் என்று முழுச் சைக்கிளையும் பிரித்துப் போட்டவன்) மேலே இயந்திர அறைக்குப் போய், லிஃப்ட் கூண்டை உச்சியில் கட்டித் தொங்கவிட்டு, பழைய ரோப்பையெல்லாம் உருவிவிட்டோம். இனி சாயங்காலம் வரை அது லிஃப்ட் இல்லை, தொங்குகிற பீரோ. பத்து மணி வாக்கில் உன் அம்மாவிடமிருந்து போன். மூச்சு வாங்குகிறது. ஏங்க, தெருக்கோடிக் கட்டிடத்துல யாரோ வேணும்னே லிஃப்டை நிறுத்திட்டாங்களாம், எனக்கு ஓட்டு விழக்கூடாதுன்னு ஹார்டுவேர் கடைக்காரர் ஆளுங்க செஞ்ச வேலைன்னு பேசிக்கிறாங்க, மேல இருக்கிறவங்க கொதிச்சுப்போய் இருக்காங்க, நீங்க எந்த வேலையில இருந்தாலும் போட்டுட்டு ஓடி வந்து பாருங்க என்கிறாள். நான் கையில் ரோப் முனையைப் பிடித்தபடி நிற்கிறேன். எங்க இருக்கீங்க, எவ்வளவு நேரம் ஆகும் என்கிறாள். வந்துட்டேன் என்றேன். இவ்வளவு சீக்கிரமாவா என்றாள். உன் தலைக்கு மேலதான் இருக்கேன், நிறுத்தினதே நான்தான் என்றேன். ஸ்பேனர் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். உன் அம்மா போனை வைத்துவிட்டாள். எனக்கு எங்கள் கல்யாணமே கண் முன்னால் ஒரு முறை ஓடிவிட்டது.

ஆனால் நான் கதவைத் திறந்து பார்த்தால் படிக்கட்டில் திருவிழா. பொய் வதந்திதான், ஆனால் என்ன வேலை செய்திருக்கிறது தெரியுமா? எங்களை இறங்க விடாமல் செய்ய அவன் யார், அதையும் பார்த்துவிடலாம் என்று ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஆட்கள் இறங்குகிறார்கள். பத்தாம் மாடிப் பல் டாக்டர் இதுவரை ஓட்டே போட்டதில்லை என்று பெருமையடிப்பவர், அவர் வீட்டுச் செருப்போடு இறங்குகிறார். லிஃப்ட் ஓடியிருந்தால் இவர்களில் பாதிப் பேர் படுக்கையை விட்டே எழுந்திருக்க மாட்டார்கள். போ போ என்று கெஞ்சினால் போகாதவன், போகாதே என்றதும் செருப்பைத் தேடுகிறான், மனுஷன் அப்படித்தான் போலிருக்கிறது. இதில் வேடிக்கை, பழி தங்கள் மேல் விழுந்த கோபத்தில் ஹார்டுவேர் கடைக்காரரின் ஆட்களே இரண்டு பேர் வந்து, ஒன்பதாம் மாடிப் பெரியவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். அவரோ ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டு, மெதுவாடா தம்பிகளா, நான் அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணுக்குத்தான் போடப் போறேன், கீழ போட்டு உடைச்சா உங்களுக்குத்தான் கெட்ட பேர் என்று சத்தமாக மிரட்டுகிறார்.

ஸ்பேனர் என் காதில், அண்ணே, சாயங்காலம் வரைக்கும் வாயைத் திறக்காத, அண்ணி அமோகமா ஜெயிச்சுடுவாங்க என்றான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது, மறைக்க மாட்டேன். உன் அம்மா கீழே நின்றுகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க, இப்பவே சொல்லுங்க என்றாள். சொன்னால் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள், கோபப்பட்டு ஹார்டுவேர் கடைக்காரருக்கே போட்டுவிடுவார்கள் என்றேன். போடட்டும், அவர் செய்யாததுக்கு அவரைத் திட்டி வாங்கின ஓட்டை வெச்சு நான் பஸ் ஓட்ட முடியாது என்றாள். அப்புறம் என்ன செய்ய, கிரீஸ் கையோடு கீழ்ப்படியில் ஏறி நின்று, லிஃப்டை நிறுத்தியது நான், ரோப் மாற்றுகிற வேலை, யாருடைய சதியும் இல்லை, நாளைப் பார்க்காமல் வைத்த தப்பு என்னுடையது, நான் இந்தம்மாவின் புருஷன் என்று ஒப்பித்தேன். பல் டாக்டர், என்னம்மா இது, எதிர்க்கட்சியை வீட்டிலேயே சோறு போட்டு வளர்க்கிறாயே என்றார். கட்டிடமே சிரித்தது. ஒரு அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை, ஆறு மாடி இறங்கின முட்டிக்கு யார் பதில் சொல்வது, என் ஓட்டு இனி உங்களுக்கு இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு நடந்தார், நடந்தது ஓட்டுச்சாவடியைப் பார்த்துத்தான். மற்றவர்களும், இறங்கினது இறங்கியாச்சு, திரும்ப ஏறவும் முடியாது, வாங்க போட்டுட்டே வந்துடுவோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

நானும் ஸ்பேனரும் சாப்பாட்டையும் மறந்து வேலை பார்த்தோம், அந்த ஜனம் திரும்ப ஏற வேண்டுமே. லிஃப்ட் ஓடத் தொடங்கியதும் முதல் சவாரி நாற்காலிப் பெரியவருக்கு. அது முடிந்த கையோடு நான் ஓட்டுச்சாவடிக்கு ஓடினேன், கேட்டை மூடக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஆமாம், நான்தான், நம்ப மாட்டாய். அங்கே இருந்த அதிகாரி, இந்த வார்டில் ஆளே வராது, நன்றாகத் தூங்கலாம் என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள் என்று ஊதித் தலையணையாக்குகிற பையை எடுத்துக் காட்டி வருத்தப்பட்டார். என் விரலில் மை வைக்கப் பார்த்தால் விரல் முழுக்கக் கிரீஸ், மை வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. நீங்க ஏற்கெனவே பத்து ஓட்டுப் போட்ட மாதிரி இருக்கீங்களே என்றார். சோப்புப் போட்டு, மண்ணைப் போட்டுத் தேய்த்து, கடைசியில் சுண்டு விரலில் ஓரளவுக்குத் தோல் தெரிந்தது, அதில் வைத்தார். வெளியே வந்தபோது உன் அம்மா என் சுண்டு விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு அன்று முதல் முறையாகச் சிரித்தாள். எனக்கு அப்போதே ஜெயித்தாகிவிட்டது.

அவள் ஜெயிக்கவில்லை. பதினாலு ஓட்டில் தோற்றாள். இதை எழுத இவ்வளவு பக்கம் காத்திருந்தது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். ஐம்பது விழும் என்று நான் சொன்ன இடத்தில் அவளுக்கு எண்ணூற்றுச் சொச்சம் விழுந்திருக்கிறது, போன தடவை வார்டு முழுக்கச் சேர்த்தே அவ்வளவு பேர் ஓட்டுப் போட்டதில்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அந்தப் பதினாலும் வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். பதினாலு பேருக்கு உண்மை பிடிக்கலை, எண்ணூறு பேருக்குப் பிடிச்சிருக்கு, இது நல்ல ரிசல்ட்தான், எங்க லேப்ல இப்படி வந்தா நோயாளியை வீட்டுக்கு அனுப்பிடுவோம் என்றாள். அன்று மாலை வீட்டில் நாற்காலி போதவில்லை, தோற்ற வீடு மாதிரியா இருந்தது? பல் டாக்டர் ஜன்னல் திண்டில் உட்கார்ந்து பாடினார். பல்லைப் பிடுங்குவதே தேவலை.

ஒரு வாரம் கழித்து ஹார்டுவேர் கடைக்காரர் வந்தார். ஜெயித்தவர், ஆனால் தோற்றவர் மாதிரி ஓரமாக உட்கார்ந்தார். அக்கா, போன தடவை எனக்கு ஓட்டுப் போட்டவங்க ஒவ்வொருத்தரையும் எனக்கு முகம் தெரியும், மீதிப் பேர் எப்படியும் வரமாட்டாங்கன்னு நிம்மதியா இருந்தேன், இப்போ தெருவுல யாரைப் பார்த்தாலும் இவரும் ஓட்டுப் போட்டவரா இருப்பாரோன்னு பயமா இருக்கு என்றார். நல்ல பயம், அதை விட்டுடாதீங்க என்றாள் உன் அம்மா. பஸ் டிப்போவுக்கு நீங்களும் வாங்க, நான் தனியாப் பேசினா அரசியல்னு நினைப்பாங்க, நீங்க தோத்தவங்க, உங்களுக்கு இதுல ஒரு லாபமும் இல்லைன்னு நம்புவாங்க என்றார். இருவரும் சேர்ந்து போய் டிப்போ மேனேஜரை உட்காரவும் விடாமல் நிற்கவும் விடாமல் செய்து, ஒரு மாதத்துக்குச் சோதனையாகக் காலையில் ஒரு பஸ் வாங்கிவிட்டார்கள். ஆள் ஏறினால் தொடரும், ஏறாவிட்டால் நிறுத்திவிடுவார்கள்.

இன்று காலை அது வந்தது. நம் வீட்டு வாசலைத் தாண்டி நின்றது. ஏழு பேர் ஏறினார்கள், நான் எண்ணினேன். கடைசியாக உன் அம்மா. ஜன்னல் ஓரம் இடம் பிடித்து, ஜெயித்த மந்திரி மாதிரி எனக்குக் கை காட்டினாள். பஸ் போன பிறகும் நான் அங்கேயே நின்று இளித்துக்கொண்டிருந்தேன், பால்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார், என் பெண்டாட்டி தோத்துட்டா என்றேன்.

நீ கமிட்டிக்கு நிற்பதும் நிற்காததும் உன் இஷ்டம். அலுப்பாக இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று சொல், ஒத்துக்கொள்கிறேன். என் வசனத்தைச் சொல்லிவிட்டு மட்டும் படுத்துத் தூங்காதே, அதை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன். வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் தொப்பி இல்லாமல் அளவெடுக்கப் போகாதே. நீ கால் வைத்த இடமெல்லாம் நல்லதே நடக்கட்டும், குளியலறையில் தண்ணீர் உட்பட. இனி நான் செய்யப்போவது:

1. வேலை நாள் குறிக்கும் முன் காலண்டரில் அது ஏன் சிவப்பு என்று படிப்பேன்.

2. ஆறு மாடி இறங்கிய அம்மாளின் முட்டிக்கு மருந்து வாங்கிக்கொண்டு போய், நேரில் திட்டு வாங்கிக்கொள்வேன்.

3. பல் டாக்டரை இனி பாட விடமாட்டேன்.

4. பைக்கை ஒரு மாதத்துக்கு மூடி வைப்பேன். எனக்கு வேலை எட்டு மணிக்குத்தான், இருந்தாலும் பரவாயில்லை.

5. நாளைக் காலை ஐந்து இருபதுக்கு, இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க, எட்டாவது ஆளாக ஏறுவேன்.

உன் அப்பா
(சுண்டு விரலில் மை இன்னும் போகவில்லை)