காற்று பிரிந்ததா?

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. குடலில் கெட்டுப்போன துண்டை எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். காற்று பிரியும்வரை வாயில் எதுவும் வைக்கக் கூடாது. அடம் பிடிக்காதீர்கள்.

இங்கே ஆய்வுக்கூடத்தில் நான் ஆராய்வதும் குடல் தசையைத்தான். ஒவ்வொரு செல்லும் பக்கத்துச் செல்லோடு நுண்ணிய துளைகளால் இணைந்திருக்கும். ஒன்றில் எழும் மின் அலை துளை வழியே அடுத்ததற்குப் போகும். ஆயிரக்கணக்கானவை ஒரே ஆள் மாதிரி சுருங்கும். தையல் போட்ட இடத்தில் அந்தத் தொடர்பு அறுந்திருக்கிறது. மேலே ஒரு தாளம், கீழே ஒரு தாளம். டாக்டர் கை பட்டதில் மீதிக் குடலும் மிரண்டு கிடக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பரிசோதனையைப் பாதியில் விட்டு வர முடியவில்லை. நீங்கள் வீடு திரும்பும் அன்று கட்டாயம் வருவேன்.

உங்கள் வாயாடி

மார்ச் 6

அன்பு வாயாடிக்கு,

செல்லுக்கெல்லாம் பக்கத்தில் ஆள் இருக்கிறதாமே, கொடுத்து வைத்தவை! என் பக்கத்து நாற்காலியில் என் பைதான் உட்கார்ந்திருக்கிறது. நர்ஸ் தினமும் வார்டுக்கே கேட்கிற மாதிரி, "ஐயா, காத்து பிரிஞ்சுதா?" என்கிறாள். மானம் போகிறது. அடுத்த கட்டில்காரருக்கு நேற்றுப் பிரிந்தது. மனைவி, மகள், மருமகன் எல்லோரும் கைதட்டினார்கள், என்னமோ பரீட்சையில் முதலாவதாக வந்த மாதிரி! எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

உன் அப்பா

மார்ச் 9

அப்பா,

நர்ஸிடம் போனில் பேசினேன். காற்று பிரிந்து, சாப்பாடும் தங்கினால் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். பிரிந்ததும் எழுதுங்கள், டிக்கெட் எடுத்துவிடுகிறேன்.

வாயாடி

மார்ச் 16

அம்மாடி,

திட்டாதே. உன் கடிதம் வந்த அன்றே நர்ஸிடம், "பிரிஞ்சிடுச்சும்மா, நல்லாவே" என்று சொல்லிவிட்டேன். பிரியவில்லை. நீ வந்துவிடுவாய் என்ற ஆசைதான். சாப்பாடு கொடுத்தார்கள். வயிறு பானையாக வீங்கி, வாந்தி எடுத்து, கடைசியில் மூக்கு வழியே குழாய் போட்டார்கள். யாருமில்லாமல் இப்படியே போய்விடுவேனோ என்று அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பத் தனியாக இருக்கிறது.

நேற்றுக் காலை நிஜமாகவே பிரிந்தது. சத்தத்தில் நானே திடுக்கிட்டுப் போனேன். யாரிடமாவது சொல்லலாம் என்று பார்த்தால் அடுத்த கட்டில் காலி. நர்ஸை மணியடித்துக் கூப்பிட்டேன். "இந்தத் தடவையாவது சத்தியமா?" என்று கேட்டுவிட்டுத்தான் குறித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அனுப்புகிறார்களாம். "கூட்டிட்டுப் போக ஆள் இருக்கா?" என்று கேட்டாள். மகள் வருகிறாள் என்று சொல்லியிருக்கிறேன். இதையும் பொய்யாக்கிவிடாதே, அம்மா.

அப்பா