குலுங்காத வண்டி

மாப்பிள்ளை அவர்களுக்கு,

வணக்கம். வேறு எப்படி அழைப்பது என்று தெரியாமல் பழைய வாய்ப்பழக்கமே வந்துவிட்டது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

உங்கள் அழைப்பு வராதபடி நான் போனில் தடுத்து வைத்திருப்பதால் கடிதமாகப் போட்டிருக்கிறீர்கள். பழசையெல்லாம் மறந்துவிட வேண்டும் என்று முதல் வரியில் சொல்லிவிட்டு, மீதிப் பக்கமெல்லாம் மலையேறும் உங்கள் புது ஜீப்புக்கு எந்த ஸ்பிரிங் போடலாம், எவ்வளவு உயரம் ஏற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வேலையில் என்னை விட்டால் உங்களுக்கு வேறு யாரைத் தெரியும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பழைய வண்டிக்கு நீங்கள் கேட்ட ஸ்பிரிங்கைப் போட நான் மாட்டேன் என்றபோது உங்களுக்கு வேறு ஆள் தெரிந்திருந்ததே.

புகைப்படம் கிடைத்தது. வண்டி நன்றாக இருக்கிறது. தபாலை வாங்கியது தங்கை. அவள் கட்டிலை இப்போது பட்டறையை ஒட்டிய முன்னறையில், ஜன்னலோரமாகப் போட்டிருக்கிறோம். தபால்காரர் கம்பி வழியாகவே கொடுத்துவிடுவார். நான் கிரீஸ் கையைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் கடிதத்தைப் படித்து முடித்து, படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, வண்டி பக்கத்துல நிக்கிற பொண்ணு முழுகாம இருக்கா," என்றாள்.

பிறகுதான் அந்த வரி எனக்கு உறைத்தது. மலைப்பாதையானாலும் அவளுக்குக் குலுங்கக் கூடாது, இடுப்பு நோகக் கூடாது, அதனால் மிருதுவான ஸ்பிரிங்காகப் பார்த்துச் சொல்லுங்கள் என்ற வரி.

என் தங்கைக்கும் இடுப்பு நொந்தது மாப்பிள்ளை. அந்தப் பழைய வண்டியில் போவது நீங்கள் இரண்டு பேரும் ஒரு தண்ணீர்க் கேனும். நீங்கள் போட்டதோ ஒரு வீட்டுச் சாமானையே ஏற்றிப் போகிறவன் போட வேண்டிய ஸ்பிரிங். காலி வண்டியில் அது ஸ்பிரிங்கே இல்லை, இரும்புத் தூண். போதாததற்கு வண்டியை ஆறு அங்குலம் தூக்கினீர்கள். மரம் ஏறுவதுபோல் ஏற வேண்டியிருக்கிறது, ஒரு படி வைத்துத் தாருங்கள் என்று கேட்டாளாம். படி வைத்தால் கூட்டாளிகள் சிரிப்பார்கள் என்றீர்களாம். முதுகு வலிக்கிறது என்றபோது, "பஞ்சு மெத்தை வேணும்னா வீட்டுலயே படுத்துக்க வேண்டியதுதானே," என்றீர்களாம்.

வீட்டிலேயேதான் படுத்திருக்கிறாள். பஞ்சு மெத்தை ஆகாதாம், புண் வந்துவிடுமாம். காற்று மெத்தை போட்டிருக்கிறோம். நானும் என் மனைவியும் முறை வைத்துப் புரட்டிப் படுக்க வைக்கிறோம். கால் பெருவிரலில் சூடு பட்டுக் கொப்புளம் கண்டதை மறுநாள் நாங்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

கூட்டாளிகளோடு மலையேறப் போன அன்று அந்தச் சரிவில் நடந்ததை உங்கள் கூட்டாளி ஒருவர் வந்து சொல்லி அழுதுவிட்டுப் போனார். மேட்டுப் பக்கச் சக்கரம் கல்லில் ஏறியதும், அமுங்க வேண்டிய ஸ்பிரிங் அமுங்காமல் வண்டியையே எட்டி உதைத்ததாம். அவள் உட்கார்ந்திருந்த பக்கமாகப் புரண்டதாம். நீங்கள் மேல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டீர்கள். கயிறு கட்ட ஓடி வந்தவர்களிடம் நீங்கள் சொன்ன முதல் வார்த்தையையும் அவர் சொன்னார்: "பம்பர்ல கட்டாதீங்க, வளைஞ்சிடும்." அவர்கள் அடிச்சட்டத்தைத் தேடி மறுபடி கட்டி முடிக்கும்வரை அவள் உள்ளேதான் கிடந்தாள். பம்பர் வளையவில்லை என்று கேள்விப்பட்டேன். வண்டி நல்ல விலைக்குத்தான் போயிருக்கும்.

அவள் சக்கர நாற்காலியில் உட்காரப் பழகுவதற்குள் நீங்கள் வேறு வீடு பார்த்துவிட்டீர்கள். விவாகரத்துக்குக் கையெழுத்து வாங்க வந்த அன்று பேனாவைக்கூட மறக்காமல் கொண்டுவந்தீர்கள். "எனக்கும் ஒரு வாழ்க்கை இருக்குல்ல மச்சான்," என்று வாசலில் நின்று என்னிடம் கேட்டீர்கள். என் கையில் ஸ்பேனர் இருந்தது. அதைக் கீழே வைப்பதிலேயே என் கவனமெல்லாம் போய்விட்டது.

இனி நீங்கள் கேட்டது.

எப்போதும் ஏற்றிப் போகும் சாமான்களோடு முதலில் வண்டியை எடை போடுங்கள். முன்பக்கம் தனியாக, பின்பக்கம் தனியாக. அந்த எடைக்கு என்ன ஸ்பிரிங்கோ அதைப் போடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஏற்றும் பாரத்தை மனத்தில் வைத்து வாங்காதீர்கள். ஒரேயடியாக மிருதுவாகவும் போகாதீர்கள், வளைவில் வண்டி சாயும். உயரம் இரண்டு அங்குலம் போதும். அதற்குமேல் போனால் பிரேக் குழாய் இழுபடும், ஸ்டீயரிங் பிடி கொடுக்காது, சரிவில் கவிழ்வதற்குச் சாக்குத் தேடும். ஷாக் அப்சர்பரையும் சேர்த்தே மாற்றுங்கள். மாட்டியதும் காலியாக ஒருமுறை, ஆளோடு ஒருமுறை மேடு பள்ளத்தில் ஓட்டிப் பாருங்கள். அந்தப் பெண் ஏற ஒரு படி வையுங்கள். யார் வேண்டுமானாலும் சிரிக்கட்டும்.

இவ்வளவும் சத்தியமான அளவு. சந்தேகம் வரும் உங்களுக்கு, அதனால் சொல்கிறேன். வேறு அளவு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இரண்டை ஐந்தாக்க எவ்வளவு நேரம் ஆகும்? நீங்களும் நம்பித்தான் மாட்டியிருப்பீர்கள். ஐந்து என்று எழுதிவிட்டு, தாளை மடிக்காமல் நான் உட்கார்ந்திருந்ததைத் தங்கை கட்டிலிலிருந்தே கவனித்துவிட்டாள். எழுதிய தாளைக் கொண்டுவந்து காட்டச் சொன்னாள். காட்டினேன். படித்துவிட்டுக் கிழித்தாள். சரியானதை எழுது என்றாள்.

வயிற்றுப் பிள்ளைக்காகச் சொல்கிறாய், இல்லையா என்று கேட்டேன். அந்தப் பிள்ளையும் பெண்ணும் என்ன பாவம் செய்தார்கள் என்றாள். பிறகு உங்களுக்கென்று தனியாக ஒன்று எழுதச் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு எழுத்தும் என்னுடையதல்ல.

"அவரு ரொம்ப வருஷம் நல்லா இருக்கணும்ணா. கண்ணு மங்கக் கூடாது, காது அடைக்கக் கூடாது. ஞாபகம் மட்டும் கடைசி வரைக்கும் தப்பவே கூடாது."

நானும் அதையே வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவளுடைய அண்ணன்