நான் விழுங்கிய பின்பாதி

காசிமேடு
20.3.2005

அன்பு மகள் செங்கொடிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்து என்னைத் திட்டும் தெம்பு வந்துவிட்டது. இந்த முறை அந்தத் திட்டு எனக்குத் தகும்.

சுனாமியில் ஆளை இழந்தவர்களோடு பேச நம் குப்பத்துக்குக் கேரளத்திலிருந்து ஆன்சி என்று ஒரு கவுன்சிலிங் மேடம் வருகிறார். தமிழ் வராது, கொச்சி போட்டில் நான் கற்ற மலையாளத்தை நம்பி என்னை மொழிபெயர்க்க உட்கார வைத்தார்கள், ஏழாவது தாண்டாதவனுக்கு நாற்காலி போட்டதும் தலைகால் புரியவில்லை. மேடம் யாரிடமும் முதலில் சொல்வது, நீங்கள் பேசுவது வெளியே போகாது, ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வீட்டில் சொல்வேன் என்பது. தம்பியை அலைக்குக் கொடுத்த ஒருவன் வந்தான், பெயரை நீ போனில் கேட்காதே, உளறிவிடுவேன். மேடம் சொன்னதன் பின்பாதியைச் சொன்னால் எழுந்து போய்விடுவான் என்று நானே முடிவுகட்டி அதை விழுங்கிவிட்டு, யாருக்கும் தெரியாது, தைரியமாகப் பேசு என்றேன். அவனும் நம்பி, கடலுக்குப் போய்த் திரும்பாமல் இருக்க நாள் பார்த்து வைத்திருப்பது வரை சொல்லிவிட்டான். மேடம் அவனிடம் தெரிவித்துவிட்டுத்தான் அவன் மனைவியை அழைத்தார், அதையும் மொழிபெயர்த்தவன் நான்தான். அவள் கூடவே இருந்து காப்பாற்றினாள். ஆனால் அவன், அந்தம்மா நம்ப வெச்சி கய்த்த அறுத்துட்டாங்க என்று மேடத்தைக் கண்டால் கதவைச் சாத்துகிறான், தன் பேச்சில் என்ன தப்பு என்று அவர் என்னையே கேட்கிறார். அவன் பிழைத்ததற்கு நான் காரணமில்லை மகளே, ஏமாந்ததற்கு நான்தான்.

நேற்று மேடத்திடம் ஒப்புக்கொண்டேன். திட்டவில்லை, அவனிடம் போய்ச் சொல்லுங்கள் என்றார், அதற்குத் திட்டியே இருக்கலாம். அவன் வலை பிரித்துக்கொண்டிருந்தான். அந்தம்மா முழுசா சொல்லிச்சு, நான்தான் பாதிய முழுங்கிட்டேன் என்றேன். நிமிராமலே, நீயெல்லாம் இன்னா மன்சன் மாமு என்றான். கையிலிருந்த சிக்கை எடுத்து முடித்துவிட்டு, நாளிக்கு வரேன்னு அந்தம்மாகிட்ட சொல்லு, ஆனா நீ அங்க குந்தக் கூடாது என்றான். இன்று டீக்கடை மலையாளியின் மகள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். தெருமுனையில் நின்று, அவன் உள்ளே போவதைப் பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. படித்ததும் இதைக் கிழித்துவிடு, மாப்பிள்ளைக்கும் காட்டாதே.

இப்படிக்கு,
வேலை போன உன் அப்பா
துரை