மூன்று சுழி உலகம்

மோகனூர், 12-3-62

பரீட்சைக்கு இன்னும் பதினைந்தே நாள். சயின்ஸ் டீச்சர் ஒளிப் பாடத்தைக் கடைசியாக ஒருமுறை நடத்தினார். கண்ணாடியில் படுகிற வெளிச்சத்தில் கொஞ்சம் உள்ளே போய்விடும், கொஞ்சம் திரும்பி வந்துவிடுமாம். "ஒரே வெளிச்சம் எப்படிங்க டீச்சர் ரெண்டு பக்கமும் போகும்?" என்று கேட்டேன். "போகும். எழுதிக்கோ" என்றார். எழுதிக்கொண்டேன்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே வாழைத்தோப்பு தெரிந்தது, அதே கண்ணாடியில் என் மூஞ்சியும் தெரிந்தது. வெளிச்சத்துக்கு உள்ள சலுகை எனக்கு ஏன் இல்லை? மே 31-ஆம் தேதி நான் கன்னியர் மடத்துக்குப் போகிறேன். போகாத சகாயம் ஒருத்தி, வேறொரு உலகத்தில், இதே எண்ணெய் வழியும் சடையோடு இருந்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? அவள் சேலத்தில் டீச்சர் ட்ரெயினிங் படிக்கட்டும்.

15-3-62

எனக்கு நானே ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நினைத்து நினைத்து மண்டை காய்கிறது.

ஒரு வயதில் எனக்கு விஷக்காய்ச்சல். பிழைத்தால் என்னை மாதாவுக்கே விட்டுவிடுவதாக அம்மா நேர்ந்துகொண்டாள். அப்பா அப்போது பட்டாளத்தில் லாரி மெக்கானிக். அம்மா கடிதத்தில் எழுதித்தான் அவருக்கே தெரியும். நான் பிழைத்தேன். அடுத்த மாதம் அம்மா காலராவில் போய்விட்டாள். அப்பா வந்து சேர்ந்தபோது மண் மூடி எட்டு நாள் ஆகியிருந்தது. அவளிடம் அவர் ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை. அந்தக் கடிதம்தான் அவளுடைய கடைசிப் பேச்சு. அதை எப்படி மீறுவது?

எனக்கும் 'மாட்டேன்' என்று சொல்ல வாய் வரவில்லை. நான் இரவல் உயிர். திருப்பிக் கேட்டால் கொடுக்க வேண்டியதுதானே.

29-3-62

கணக்குப் பரீட்சை. நாசம்.

23-4-62

நேற்று ஈஸ்டர். கோயிலில் ஆளாளுக்கு "எப்போ போற?" என்று கேட்கிறார்கள், ஏதோ கல்யாணத்துக்குக் கேட்பதுபோல். சிரித்துச் சிரித்துக் கன்னம் வலிக்கிறது.

அந்தச் சகாயத்துக்கு இன்று ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். ஊதாப்பூ போட்ட சேலையும். செலவா என்ன, எல்லாம் மனசுக்குள்தானே! அவளுக்கு நான் ஒருத்தி இருப்பது தெரியுமா? எனக்காக ஒரு நிமிஷமாவது வருத்தப்படுவாளா, கழுதை?

8-5-62

அப்பா இரும்புப் பெட்டியைத் திறந்து அம்மாவின் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். "உங்கம்மா கையெழுத்து. போகையில கொண்டுட்டுப் போ கண்ணு. எனக்கு மனப்பாடம்." சொல்லிவிட்டுக் கைக்கு வேலை தேடிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். மூன்று ஆயில் இன்ஜின்கள் பிரித்துப் போட்டபடி கிடக்கின்றன. ஒன்றையும் இந்த மாதம் அவர் முடித்துக் கொடுக்கவில்லை.

இப்போது படிக்கப் பயமாக இருக்கிறது. நாளைக்குப் பார்க்கலாம்.

9-5-62

படித்தேன். அழலாம் என்று உட்கார்ந்தவள் தமிழ் வாத்தியார்போல் பிழை பார்க்க ஆரம்பித்துவிட்டேன். என் புத்தி அப்படி. அப்படியே இங்கே எழுதுகிறேன்:

"கொழந்தைக்கு காச்ச எறங்கிருச்சு. மாதாவுக்கு கண்ணு உடறதா நேந்துகிட்டேண். பால் மறந்ததும் கோயல்ல உட்டுரலாம். நீங்க எண்ண சொல்றீங்க. சிண்ணவங்க ஊட்ல எல்லாரும் சொகம். எண்ணை நெணச்சு கவலப்படாதீங்க."

என்ன — எண்ண. சின்னவங்க — சிண்ணவங்க. நினைச்சு — நெணச்சு. எங்கே பார்த்தாலும் மூன்று சுழி. இரண்டு சுழி 'ன' என்று ஓர் எழுத்து இருப்பதையே அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை போல.

அப்படியானால் 'கண்ணு'?

அப்பா என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். பட்டாளத்திலிருந்து எழுதினாலும் கண்ணு எப்படி இருக்குது என்றுதான் கேட்பாராம். அதனால் அவர் அப்படிப் படித்தார். ஆனால் இதே அம்மா முதல் வரியில் என்னைக் 'கொழந்தை' என்கிறாள். அடுத்த வரியில் எப்படிக் கண்ணு ஆவேன்? பால் மறந்ததும் விடுவது யாரை? பால் மறந்த கைக்குழந்தையை எந்த மடத்தில் சேர்ப்பார்கள்?

மாதாவே. அது கன்னா? கன்னுக்குட்டியா?

எனக்குச் சாதகமாக நானே படித்துக்கொள்கிறேனா? அம்மா வீட்டில் அப்போது மாடு இருந்ததா, அது கன்று போட்டிருந்ததா? யாரைக் கேட்பது? அப்பாவைக் கேட்க முடியாது. தப்பாக இருந்தால் அவர் தாங்கமாட்டார்.

10-5-62

அடுத்த வீட்டு ஆத்தாயியைக் கேட்டேன். அம்மாவும் அவளும் சேர்ந்துதான் புல்லுக்குப் போவார்களாம். சாணிக்கூடையைத் தலையிலிருந்து இறக்கக்கூட விடவில்லை நான். "அம்மா மாதாவுக்கு என்ன நேர்ந்துச்சு, உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாம என்ன? கருத்த மாடு போட்ட கெடேரிக் கன்னு. கழுத்துல நீலக் கவுறு கட்டி, மாதா கன்னு இது, ஆரும் அடிக்காதீங்கன்னு ஊரெல்லாஞ் சொல்லிட்டுத் திரிஞ்சா உங்கொம்மா."

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். பாவம், அவள் மிரண்டுபோனாள்.

"பொண்டாட்டியப் பறிகுடுத்துட்டு வந்த மனுசங்கிட்டப் போயி கன்னப் பத்தி என்னத்தப் பேசறது சாமி? மாட்டையுங் கன்னையும் வந்த வெலைக்கு வித்துப்போட்டாரு. அப்பறம் நீ மடத்துக்குப் போறேன்னாங்க. உங்க பக்கம் அப்படி ஒரு வழக்கமாட்ட இருக்குதுன்னு இருந்துட்டேன். இதுக்கும் அதுக்கும் சம்பந்தமிருக்குதுன்னு நானு என்ன கண்டேன்?"

அவள் கூடையை நானே சுமந்துகொண்டுபோய்ப் போட்டேன். சாணி ஒழுகிப் பாவாடையெல்லாம் வீணாகிவிட்டது. சந்தோஷம், சந்தோஷம், அவ்வளவு சந்தோஷம்!

11-5-62

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பட்டறையில் கிரீஸ் கையோடு இருந்தார். ஆத்தாயி சொன்னதைச் சொல்லி, கடிதத்தைப் பிடித்துக் காட்டி, ஒவ்வொரு மூன்று சுழியாக விரல் வைத்தேன். கையைத் துடைக்காமலே வாங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"இது ரெண்டு சுழியா?"

"ஆமாங்கப்பா. ரெண்டு போட வேண்டிய எடத்துல மூணு போட்டிருக்குதுங்க."

"ஒரு சுழிக்கா சாமி நானு பதினேழு வருசம்..." சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்து மூஞ்சியெல்லாம் கருப்பு. அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. நீ போய்விடுவாய் என்று எண்ணி எண்ணி ராத்திரியெல்லாம் முழித்துக் கிடந்தேன் என்றார். எனக்காகத்தான் வெளியே சொல்லவில்லையாம். அவருக்காக நானும் சொல்லவில்லை. நல்ல குடும்பம்!

அப்புறம் திடீரென்று எழுந்தார். "அப்போ மாதா கன்னையா நானு சந்தையில வித்துப்போட்டேன்?"

13-5-62

பூசை முடிந்ததும் இரண்டு பேரும் பங்குச் சாமியாரிடம் போனோம். அவர் திருச்சிப் பக்கத்துக்காரர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சவரிராயா, கன்னோ கண்ணோ, ஒருத்தர் இன்னொருத்தரை நேர்ந்து மடத்துக்கு அனுப்ப முடியாதுப்பா. பிள்ளைக்கே விருப்பம் இருந்தால்தான்" என்றார் அப்பாவிடம்.

"இதெ முன்னாடியே சொல்லப்படாதுங்களா சாமி?"

"நேர்ச்சைன்னு நீ எங்க சொன்ன? பிள்ளை ஆசைப்படுதுன்னுதானே சொன்ன?"

பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். போன வருடம் விருப்பம்தானா என்று அவர் கேட்டபோது "ஆமாங்க சாமி" என்றவள் நான்தான். அம்மா ஒரு சுழி கூடப் போட்டாள். நான் முழுப் பொய்யே சொன்னேன். அதற்கு மன்னிப்புக் கேட்டேன். மடத்துக்கு அவரே எழுதிவிடுகிறாராம்.

20-5-62

அப்பா புதன்சந்தை ஊர்ச் சந்தைக்குப் போய் ஒரு கெடேரிக் கன்று வாங்கி வந்தார். நீலக் கயிறு கட்டிக் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போனோம். ஆத்தாயியும் கூட வந்தாள். மந்திரிக்கிற நேரத்தில் கன்று சாமியார் அங்கியின் ஓரத்தைக் கடித்து இழுக்க, அவர் ஒரு கையால் தீர்த்தம் தெளித்து ஒரு கையால் அங்கியைப் பிடித்துக்கொண்டார். அம்மா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

உலகங்கள் இப்போது பெருகிவிட்டன. அம்மா சரியாக இரண்டு சுழி போட்ட உலகம் ஒன்று. அங்கே சகாயம் எதையும் யோசிக்காமல் கேழ்வரகுக் களியைத் திட்டிக்கொண்டு வளர்ந்திருப்பாள். நான் காய்ச்சலில் செத்த உலகம் ஒன்று. அப்பா மெனக்கெட்டு லீவு வாங்கி வருவதற்குள் அம்மா பிழைத்துக்கொண்ட உலகம் ஒன்று. மற்ற எதுவும் வேண்டாம், அந்த ஒன்றுக்கு மட்டும் நாமக்கல்லிலிருந்து ஒரு பஸ் விட்டால் தேவலை.

31-5-62

இன்று, கடிதத்தில் பிழை பார்க்காத இன்னொரு சகாயம் அவள் உலகத்தில் மடத்துக்குப் போகிறாள். நான் வீட்டில் துணி துவைத்தேன். நிம்மதிதான். ஆனாலும் பத்து மணி பஸ் ஹாரன் அடித்தபோது சோப்பைப் போட்டுவிட்டு வாசல்வரை போய்ப் பார்த்தேன். அவளும் கெட்டவள் இல்லை. நன்றாகப் பாடுவாள்.

4-6-62

பாஸ்! கணக்கில் நாற்பத்தொன்று!

அப்பா, "சரி, இப்ப உனக்கு என்னதான் வேணும் கண்ணு?" என்றார். ட்ரெயினிங் என்று டக்கென்று சொல்லியிருக்க வேண்டாமா? "யோசிச்சுச் சொல்றேனுங்கப்பா" என்றுதான் சொன்னேன். இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. மடத்துக்குப் போகாத பெண் எங்கேயாவது போக வேண்டுமே என்றுதான் அவளை ட்ரெயினிங்குக்கு அனுப்பி வைத்திருந்தேனோ?

9-6-62

ஐந்து நாள் யோசித்தேன். அம்மா கடிதத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். எவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியிருக்கிறாள்! ஒவ்வோர் எழுத்தும் தாளில் அமுங்கிப் பின்பக்கம் தெரிகிறது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, சிரிக்காமல், "இது ரெண்டு சுழி, ஆரோக்கியம்" என்று அவள் பெயரைக் கூப்பிட்டு ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். கற்றுக்கொள்ள மாட்டாளா?

அப்பாவிடம் சொன்னேன். "நான் வாத்தியாரம்மா ஆகறேனுங்கப்பா." "நெசமாவா? எனக்காகச் சொல்லலையே?" என்று மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் நெசமாத்தான் என்றேன். விண்ணப்பம் தபாலில் போய்விட்டது. மூன்று இன்ஜினும் முடிந்துவிட்டன.

சேலம், 2-7-62

ட்ரெயினிங் ஸ்கூல். முதல் நாள். காலையில் பஸ் ஏறும்போது "வாரேனுங்கப்பா" என்றேன். "சனிக்கெழம வந்துரு கண்ணு" என்றார். அவ்வளவுதான், பெரிய அழுகையெல்லாம் இல்லை.

இங்கே பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன் அம்மா' என்று சொல்ல வேண்டுமாம். எனக்கு முன்னால் இருபத்துமூன்று பேர். ஒவ்வொருவராக விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன்.

"எஸ். சகாயம்மாள்."

எழுந்து, "உள்ளேன் அம்மா!" என்றேன். ஏலம் போடுகிறவள்போல் அவ்வளவு சத்தம். வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

பெயர் கூப்பிட்ட அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். "தெரியுது, தெரியுது. உட்கார்."

உட்கார்ந்தேன்.