உன் சட்டை வாசத்தில் ஒரு பூனைக்குட்டி

மச்சான்,

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் அறையில், பெயிண்ட் டின்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பிளாஸ்டிக் பையின் முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே உன் நீலச் சட்டை. வேட்டைக்குப் போகும்போதெல்லாம் மாட்டிக்கொள்வாயே, முழங்கையில் ஒட்டுப் போட்டது, அதுதான். மூக்கருகே கொண்டுபோவதற்குள் வியர்வையும் இலைச் சுருட்டும் முட்டிவலிக்கு நீ தேய்த்த தைலமும் கலந்து அடித்தது. நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாசம் மட்டும் அப்படியே இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அந்தப் பை இருப்பது என் வீட்டுக்காரி மாலதிக்குத் தெரியும். கருமாதி முடிந்து உன் துணிமணிகளை உன் மகன் மூட்டை கட்டியபோது, இதை மட்டும் நான் கொடியிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிட்டேன். "செத்தவங்க துணிய வீட்டுல வெக்கக் கூடாதுங்க. அந்த வாசத்துக்குத் தேடி வருவாங்க" என்றாள். "வரட்டுமே" என்றேன். அன்றிலிருந்து அவள் ஸ்டோர் அறைக்குள் நுழைவதையே விட்டுவிட்டாள். விளக்குமாற்றைக்கூடச் சமையலறையில்தான் வைக்கிறாள்.

எதற்காக அதை எடுத்தேன் என்று கேட்பாய். வீட்டுக்கு ஒரு பூனைக்குட்டி வந்திருக்கிறது.

நீ சிரிப்பாய், தெரியும். நீ விட்டுப் போன, பன்றி விரட்டிய நாய்கள் இரண்டு படுத்திருக்கிற வீட்டுக்குப் பூனைக்குட்டி! என் மகள் கவிதா செய்த வேலை. 'மருமகளே, மருமகளே' என்று நீ தலையில் தூக்கி வைத்து ஆடினாயே, அவள் இப்போது ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்கிறாள். கார் நிறுத்துகிற இடத்தில் யாருடைய டயருக்கு அடியிலோ கிடந்ததாம். சாம்பல் நிறம். என் உள்ளங்கையில் படுக்க வைத்தால் மிச்ச இடம் இருக்கும். ஒரு கண் பீளையால் ஒட்டிக் கிடந்தது.

"பாவம்லா ப்பா. விட்டுட்டு வந்தா செத்துரும்."

"இங்க இருந்தா மட்டும் பொழைச்சிருமா?" என்றேன்.

அவள் குட்டியைப் பின்னறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். ராணி, நம் ஜெலாப்பாங் வட்டாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி குரைத்துத் தள்ளினாள். அவளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அதட்டினால் அடங்கிவிடுவாள். பிளாக்கி ஒரு சத்தமும் போடவில்லை. எழுந்து வந்தான், காற்றை ஒரு முறை மோந்தான், அந்தக் கதவுக்கு முன்னால் போய்ப் படுத்துவிட்டான்.

அவன் வாயை மூடினால் என்ன அர்த்தம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நீதான். தாப்பா டவுனைத் தாண்டி உள்ளே, நாம் பிறந்த தோட்டம். ரப்பர்ப் பால் மரங்களை எல்லாம் வெட்டி, எண்ணெய்க்குச் செம்பனை போட்டுவிட்டார்கள். நம் வீடுகள் இருந்த இடம்கூடத் தெரியவில்லை. அந்தச் செம்பனைக் காட்டுக்குள்தான் நீ என்னை ஒரே ஒரு முறை வேட்டைக்கு இழுத்துப் போனாய். வழியெல்லாம் பிளாக்கி குரைத்துக்கொண்டே ஓடினான். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. திடீரென்று நிறுத்தினான். அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். நீ என் தோளை அழுத்திப் பிடித்து, "வாய மூடிட்டான்டா. பக்கத்துல இருக்கு" என்று காதுக்குள் சொன்னாய். உன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குப் பிடிக்கவில்லை. பத்தடி தள்ளி ஓலைக் குவியல் அசைந்தது. அதற்கப்புறம் நடந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். நீ அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாய். அன்றைக்குத்தான் அவனுடைய இடது காது கிழிந்தது.

அந்தக் காதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே குட்டி கத்தும்போதெல்லாம் அது மட்டும் அசைந்தது. வேறு எதுவும் அசையவில்லை. சோற்றை வைத்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாளும் அதே இடத்தில், அதே மாதிரி கிடந்தான்.

வீட்டில் பேச்சு முற்றிவிட்டது. "குட்டிய ஹுத்தான் மெலிந்தாங்ல எங்கக்கா வீட்டுக்குக் குடுத்துருவோம். அங்க மீனுக்கா பஞ்சம்?" என்றாள் மாலதி. நல்ல யோசனைதான். கவிதா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "குட்டி எங்கயும் போவாது ப்பா. பிளாக்கி அத ஏதாச்சும் பண்ணுனா பிளாக்கிதான் போவணும். நாய் புடிக்கிற ஆளுக்குப் போன் போட்டு நானே புடிச்சிட்டுப் போவச் சொல்லுவேன்."

சொன்னால் செய்கிற பிள்ளை அவள். பிடித்துக்கொண்டு போன கிழட்டு வேட்டை நாயை யார் வைத்துச் சோறு போடுவார்கள்? ஊசிதான் போடுவார்கள். மருத்துவமனையில் நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நாய்ங்கள யாருக்கும் குடுத்துராதடா" என்றாய். மகனைப் பற்றிச் சொல்லவில்லை, வீட்டைப் பற்றிச் சொல்லவில்லை, அதை மட்டும்தான் சொன்னாய். சரி என்றேன். தாப்பாவிலிருந்து உன் வேட்டைக் கூட்டாளிகள் வந்து கேட்டபோதுகூட முடியாது என்று அனுப்பிவிட்டேன். இப்போது என் வீட்டிலிருந்தே அவன் போகப் போகிறான் என்றால் உனக்கு நான் என்ன பதில் சொல்வது?

அப்போதுதான் ராணி வந்த நாள் ஞாபகம் வந்தது. கண் திறந்து சில நாளே ஆன குட்டியாக அவளை மோட்டார் சைக்கிள் கூடையில் போட்டுத் தாப்பாவிலிருந்து கொண்டுவந்தாய். பிளாக்கி கட்டிய சங்கிலியை அறுக்கப் பார்த்தான். நீ அலட்டிக்கொள்ளவே இல்லை. வியர்வையில் நனைந்திருந்த சட்டையைக் கழற்றி, குட்டியைத் தலையிலிருந்து வால்வரை துடைத்தாய். தோட்டத்தில் எல்லோரும் செய்ததுதான். ஆடு வந்தாலும் கோழி வந்தாலும், நாய் யாருக்கு அடங்குமோ அவர் சட்டையால் ஒரு துடை. துடைத்த குட்டியை அவன் மூக்குக்கு முன்னால் நீட்டி, "மோந்து பாரு. இது நம்ம உருப்படி" என்றாய். அவன் மோந்தான், கொட்டாவி விட்டான், படுத்துவிட்டான். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். "அவனுக்கு என் வாசம் போதும்டா. வேற ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டு வெறும் மேலோடு சுருட்டைப் பற்ற வைத்தாய்.

என் சட்டையால் துடைத்திருக்கலாம். ஆனால் அவன் என்னைச் சோறு வைக்கிறவனாகத்தான் நினைக்கிறான், எசமானாக இல்லை. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையை அவிழ்த்தேன்.

ராணியைச் சமையலறையில் அடைத்தேன். பிளாக்கியை முன்வாசல் கம்பத்தில் கட்டினேன். குட்டியை உன் சட்டையில் சுற்றித் தேய்த்தேன், நீ செய்த மாதிரியே தலையிலிருந்து வால்வரை. அது பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. மாலதி ஜன்னல் வழியாகப் பார்த்தாள், சட்டையை அடையாளம் கண்டுகொண்டாள். "என்னங்க பண்றீங்க? வேணாங்க" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குட்டியை அவன் மூக்குக்கு முன்னால் நீட்டினேன். "இது நம்ம உருப்படிடா" என்றேன்.

அவன் மோந்தான். அப்புறம் அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நாயிடம் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. உடம்பு முழுக்க நடுங்கியது. தரையோடு தரையாகப் படுத்து, குட்டியின் முதுகில் மூக்கைப் புதைத்து விம்மினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை முடிந்தது, நீ ஜெயித்துவிட்டாய் என்று நினைத்துச் சங்கிலியை அவிழ்த்துவிட்டேன்.

நீ அன்றைக்கு அங்கே நின்றுகொண்டிருந்தாய் என்பதை நான் யோசிக்கவில்லை, மச்சான். வாசத்தோடு நீயும் இருந்தாய். இங்கே வாசம் மட்டும்தான் இருந்தது. மிச்சத்தை அவன் தேட ஆரம்பித்துவிட்டான்.

குட்டியை வாயில் கவ்வினான். கவிதா அலறினாள். அவன் கடிக்கவில்லை, மெதுவாகத்தான் பிடித்திருந்தான். வேலியில் எப்போதும் நுழைகிற அந்த ஓட்டை வழியாக, அடுத்திருக்கிற உன் வீட்டு வாசலுக்குப் போனான். உன் மகன் சிங்கப்பூருக்குப் போனதிலிருந்து அந்த வீடு பூட்டியே கிடக்கிறது. கதவுக்கு முன்னால் குட்டியைக் கீழே வைத்து, அதன் மேல் காலை விரித்து நின்றுகொண்டு, கதவைப் பார்த்தான். ஒரு தடவை பிறாண்டினான். மறுபடி பார்த்தான். உன் மோட்டார் சத்தம் கேட்டால் நிற்பானே, அந்த நிற்பு.

நான் சுற்றிக்கொண்டு கேட்டைத் திறந்து போனேன். இரண்டு எட்டு வைப்பதற்குள் பல்லைக் காட்டி உறுமினான். என்னைப் பார்த்து உறுமியது அதுதான் முதல் தடவை. கவிதா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ப்பா, குட்டி கத்துறத நிப்பாட்டிருச்சு. ஏதாச்சும் பண்ணுங்க ப்பா" என்று அழுதாள். மாலதி சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. ஈப்போ மழை எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். ஒரே அடியாகக் கொட்டியது. உன் வாசல் கூரையில் பாதி ஓட்டை, எப்போது கேட்டாலும் 'அடுத்த மாசம் போடலாம்' என்பாய். தண்ணீர் நேராக நாயின் மேலும் குட்டியின் மேலும் விழுந்தது.

பிளாக்கி குனிந்து குட்டியை மோந்தான். நக்கினான். மறுபடி மோந்தான். மழை உன்னைக் கழுவிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் காலுக்கடியில் நீ இருக்க மாட்டாய், ஒரு பூனை மட்டும்தான் இருக்கும். அவன் விம்முவதை நிறுத்தினான். உறுமுவதையும் நிறுத்தினான். தலை மெதுவாகக் கீழே இறங்கியது, காது பின்னால் போனது. அந்தச் செம்பனைக் காட்டில் நான் கண்ணை மூடிக்கொண்ட இடம் இதுதான்.

இந்தத் தடவை மூடவில்லை. பாய்ந்து குட்டியின் மேல் கையை வைத்தேன். அவன் பல் என் கையில் இறங்கியது. எலும்பு வரைக்கும் வலித்தது. இழுத்தால் கிழியும் என்று தெரியும், இழுக்கவில்லை. அவன் கண்ணுக்கு நேராகக் குனிந்து, "அவன் வரமாட்டான்டா பிளாக்கி" என்றேன். இதுவரை நான் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. "செத்துப் போயிட்டான்டா. வரவே மாட்டான்." அவனுக்குப் புரிந்தது என்று நான் கதை விட மாட்டேன். கடித்தது என் கை என்று தெரிந்திருக்கலாம், ரத்தத்தின் ருசி வந்திருக்கலாம். பிடியை விட்டான். நான் குட்டியை என் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். அது உயிரோடுதான் இருந்தது, ஈரத்தில் வெடவெடவென்று நடுங்கியது. பிளாக்கி எங்களைப் பார்க்கவில்லை. திரும்பிக் கதவோடு ஒட்டிப் படுத்துக்கொண்டான்.

கிளினிக்கில் தையல் போட்ட டாக்டர் சின்னப் பெண். "யாரு நாய் அங்கிள்? தெரு நாயா, வீட்டு நாயா?" என்று கேட்டாள். பக்கத்தில் மாலதி என் முகத்தையே பார்த்தாள். யார் கேட்டாலும் 'கூட்டாளியோட நாய்' என்றுதான் இத்தனை நாளும் சொல்லி வந்தேன். "என் நாய்" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. ஊசி வலிக்கிறது என்று நினைத்து, "கொஞ்சம்தான் அங்கிள், முடிஞ்சிருச்சு" என்று அந்தப் பெண் சமாதானம் சொன்னாள்.

உன் சட்டையை மாலதி சோப்புப் போட்டு அலசிக் காயப் போட்டுவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. நானும் கோபப்படவில்லை. பிளாக்கியை அனுப்புகிற பேச்சைக் கவிதா மறுபடி எடுக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் கையிலிருக்கிற கட்டைப் பார்த்துவிட்டுக் குட்டியிடம் போகிறாள். குட்டி பின்னறையில் வளர்கிறது. பிளாக்கி அந்தக் கதவை மறந்துவிட்டான். அவனுக்கு இப்போது உன் கதவுதான். காலையில் அவிழ்த்துவிட்டால் நேரே அங்கே போய்ப் படுக்கிறான். நான்தான் போய்ச் சங்கிலி போட்டு அழைத்து வருகிறேன்.

நேற்று உன் மகன் போன் செய்தான். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டானாம், குடும்பம் ஒன்று வருகிறதாம், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களாம். "நல்ல சனங்க, மாமா. ஒரு கண்ணு பாத்துக்குங்க" என்றான். சரி என்றேன். அப்பாவுக்குச் சொன்ன மாதிரியே மகனுக்கும் சொல்லியாகிவிட்டது.

அடுத்த மாதம் அந்தக் கதவு திறக்கும், மச்சான். அவன் அதற்காகத்தான் காத்திருக்கிறான். உள்ளேயிருந்து ஒரு பிள்ளை ஓடிவரும், அது நீயாக இருக்காது. அன்றைக்கு அவன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நான்தான் நிற்க வேண்டும். கை இன்னும் சரியாக மூட வரவில்லை.